இன்னும் ஒரே ஒரு சுற்று

டக்.

பக்கத்து அறையிலிருந்து வந்த சத்தம் அவ்வளவுதான். இரும்புக் கைப்பிடி ஒன்று கால் வட்டம் திரும்பினால் வருகிற சின்னச் சத்தம். தெருவில் ஓர் ஆட்டோ போனால் அமுங்கிவிடும். ஆனால் பஞ்சு பரப்பிய அட்டைப் பெட்டியைக் கையில் ஏந்தி, பெற்ற பிள்ளையைத் தொட்டிலில் போடக் காத்திருக்கும் தாயைப் போல நின்றிருந்த இளவேனிலுக்கு, அந்த 'டக்' கேட்டதும் உள்ளங்கால் வரை சில்லிட்டுப் போயிற்று. எட்டு வருடமாக அந்தச் சத்தத்தோடு வாழ்ந்தவள் அவள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

பெட்டிக்குள் போக வேண்டிய பொருளை எடுத்து, மறுபடியும் சுத்தம் செய்ய இயந்திரத்துக்குள் விட்டுவிட்டார் சில்வெஸ்டர் சார்.

அந்தப் பொருளுக்காகப் பகல் மூன்று மணிக்கு ஒரு மனிதர் வருகிறார். நாலரைக்கு அவர் கிளம்பியாக வேண்டும். இப்போது மணி காலை பத்து.

வாசகர்களே, மனித குலத்தில் பல வகை உண்டு. வாங்கியதைத் திருப்பித் தராத வகை, தந்ததைச் சொல்லிக் காட்டும் வகை, பந்தியில் பக்கத்து இலையைப் பார்க்கும் வகை. இவர்களைப் பற்றியெல்லாம் நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள். ஆனால் நம்முடைய வீட்டிலும் அலுவலகத்திலும் நடுக்கூடத்திலேயே உலவிக்கொண்டு, எல்லோரிடமும் நல்ல பெயரும் வாங்கிக்கொண்டு, சுற்றியிருப்பவர்களின் ஆயுளைத் துளித்துளியாக வடித்துக் குடிக்கும் ஒரு வகையை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. காரணம், அவர்களிடம் குற்றம் ஒன்றும் கிடையாது. பொய் சொல்ல மாட்டார்கள். சோம்பல் அறியவே அறியாதவர்கள். அவர்களிடம் இருப்பதெல்லாம் ஒரே ஒரு வாக்கியம்.

"நல்லாதான் இருக்கு. ஆனா, இன்னும் ஒரே ஒரு தடவை பாத்துடலாமே?"

இந்த வாக்கியத்தில் எதை எதிர்ப்பீர்கள்? நல்லாதான் இருக்கு என்று பாராட்டியாகிவிட்டது. ஒரே ஒரு தடவைதான் என்று சத்தியமும் செய்தாகிவிட்டது. 'பாத்துடலாமே' என்று உங்களையும் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டாயிற்று. கழுத்தில் கத்தி வைத்தவனிடமிருந்துகூடத் தப்பலாம். பூமாலை போட்டு இழுத்துக்கொண்டு போகிறவனிடமிருந்து எப்படித் தப்புவது?

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் தகப்பனாக இந்த வகை அமைந்தால், பெண்ணின் தலை நரைக்கும்போது பொருத்தமான ஜாதகம் கிடைக்கும். வீடு கட்டுகிறவராக அமைந்தால், பூச்சு வேலை முடிவதற்குள் அஸ்திவாரம் பழையதாகிவிடும். இந்த ஊரே 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி', கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிச் சொல்லி மூன்று பேர் ஸீட்டில் ஐந்து பேரை உட்கார வைக்கிற ஊர். இங்கே அட்ஜஸ்ட் செய்யாமல் ஒருவர் அறுபது வயதை எட்டிவிட்டார் என்றால், அது தவத்துக்குச் சமம்தானே!

அந்தத் தவசிதான் பேராசிரியர் சில்வெஸ்டர்.

ஜோகுபாளையத்தில் பிறந்தவர். கன்டோன்மென்ட் பக்கத்து தேவாலயத்தில் பாடற்குழுவை நடத்துகிறவர். கிறிஸ்துமஸ் பாட்டுக்கு ஆகஸ்டில் ஒத்திகை ஆரம்பிப்பார். ஒரு வருடம் அந்தப் பாட்டு அவர் மனதுக்குப் பிடித்தபடி அமைந்தபோது ஈஸ்டர் வந்துவிட்டது. திருமணத்துக்கு முன் அல்போன்சாவுக்கு அவர் எழுதிய காதல் கடிதத்துக்கு ஆறு வரைவுகள். ஆறாவதைத் திருத்திக்கொண்டிருக்கும்போது அல்போன்சாவே நேரில் வந்து, "சரின்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றாளாம். கடிதம் இன்னும் தயாராகவில்லை என்று அவர் சொன்னாராம். அந்தப் புண்ணியவதி அதற்குப் பிறகும் அவரைக் கட்டிக்கொண்டாள்.

காலையில் ஆராய்ச்சிக்கூடத்துக்கு வந்தவுடன் கண்ணாடிக் குடுவையை ஏழு முறை அலசுவார். ஏழாவது அலசலைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். "உம்" என்பார். எட்டாவது அலசல் அலசுவார். கேன்டீன் காபி வந்தால் கர்ச்சீப்பை விரித்து வடிகட்டுவார். காபி ஆறிவிடும். "சூடு இல்லையேம்மா" என்று வருத்தத்தோடு வைத்துவிடுவார்.

இப்படிப்பட்டவர் கையில் விதி எந்த வேலையைக் கொடுத்திருக்க வேண்டும்? சாக்கு மூட்டை தைக்கும் வேலையைக் கொடுத்திருக்கலாம். சுண்ணாம்பு அடிக்கும் வேலையைக் கொடுத்திருக்கலாம். விதிக்கு இரக்கமே இல்லை. உலகத்திலேயே சுத்தம் செய்யக் கடினமான பொருளைத் தேடி எடுத்து, இந்தா சில்வெஸ்டர், பிடி என்று கொடுத்துவிட்டது.

அது என்ன பொருள்? கரி.

சாதாரணக் கரி அல்ல. கிராஃபைட் குச்சியில் துளை போட்டு, அதற்குள் ஸ்கேண்டியம் என்கிற உலோகத்தின் பொடியை அடைத்து, காற்றை எடுத்துவிட்டு ஹீலியமும் துளி நைட்ரஜனும் நிரப்பிய பெட்டிக்குள் கண் கூசும் மின்பொறியில் எரித்தால், சுவரெல்லாம் புகைக்கரி படியும். அதைப் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்தால் ஒரு தட்டு நிறையக் கறுப்புத் தூள். அதில் முக்கால்வாசி வெறும் அழுக்கு. மீதியில், கால்பந்து மாதிரிக் கரி அணுக்களால் பின்னிய கூண்டுகள் கோடிக்கணக்கில் கிடக்கும். பெரும்பாலான கூண்டுகள் காலி. ஆயிரத்தில் ஒரு கூண்டுக்குள் மட்டும் மூன்று உலோக அணுக்கள், நடுவில் ஒரு நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு, கதவில்லாத வீட்டில் குடியிருக்கும். அந்த வீட்டை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். ஒரு தட்டுக் கரியில் அது ஒரு கடுகின் பத்தில் ஒரு பங்கு.

கரியைச் சுரண்டுகிற வேலை அட்டெண்டர் பழனிச்சாமியுடையது. மாலை வீட்டுக்குப் போகும்போது அவர் பற்கள் மட்டும் வெள்ளையாக இருக்கும். "மேடம், எங்க ஊர்ல கரியக் கழுவுனா வெளுக்காதும்பாங்க. சாரு அந்தப் பழமொழி மேல கேஸ் போட்டிருக்காரு. எட்டு வருசமா வாய்தா" என்று இளவேனிலிடம் சொல்வார்.

இந்தக் கூண்டுகளுக்கு ஒரு குணம் உண்டு, கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். காலிக் கூண்டுகளும், வேறு உலோகம் ஏறிய கூண்டுகளும் சட்டென்று வினை புரிபவை. எதிரே ஆள் வந்தால் கையைப் பிடித்துக்கொள்ளும், ஒட்டிக்கொள்ளும், வம்பில் மாட்டும். நமக்கு வேண்டிய கூண்டு மட்டும் லேசில் வினை புரியாது. தள்ளினாலும் இழுத்தாலும் பேசாமல் தன் வழியே போகும்.

சில்வெஸ்டர் சாரிடம் சேர்ந்த மாணவர்களும் இப்படித்தான். "சார், இது போதும் சார்" என்று வினை புரிந்த ஆறு பேரும் எங்கெங்கோ ஒட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஒருவன் எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு, ஒருத்தி அமெரிக்காவுக்கு, ஒருவன் மாமனார் வைத்துக் கொடுத்த மருந்துக் கடைக்கு. எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல், எட்டு வருடம் சிக்காமல் வழுக்கி வந்தவள் இளவேனில் ஒருத்திதான். "நீதாம்மா சுத்தமான மாணவி" என்று சார் ஒருநாள் கண் கலங்கச் சொன்னார். அவளும் கலங்கினாள். வேறு காரணத்துக்காக.

நீலசந்திராவில் அவளுடைய அம்மா அன்னம்மாளிடம் அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்கும் கேள்விக்கு அன்னம்மாளிடம் பதில் இருந்த காலம் மலையேறிவிட்டது. "உம் பொண்ணு இன்னுமா படிக்குது?" என்பார்கள். "படிப்பு முடிஞ்சிருச்சுடி. கழுவிட்டிருக்கா" என்பாள் அன்னம்மாள்.

இதோ, கடைசிக் கெடு. ஆராய்ச்சி மாணவியாக இளவேனில் பதிவு செய்த காலம் இந்த ஜூன் முப்பதோடு முடிகிறது. நீட்டிப்பு இரண்டு முறை வாங்கியாயிற்று. மூன்றாவது கிடையாது. ஆய்வேட்டில் ஒரே ஓர் அத்தியாயம் பாக்கி. அந்தக் கூண்டை வலிமையான எக்ஸ்ரே கதிரில் வைத்து, உள்ளே உலோகம் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று அளந்து காட்ட வேண்டும். அந்தக் கதிர் ஐரோப்பாவில் இருக்கிறது. வருகிற வியாழக்கிழமை அதில் அவர்களுக்கு எட்டு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். விட்டால் அடுத்த வாய்ப்பு 2009இல்தான். 2009இல் இளவேனில் மாணவியாக இருக்க மாட்டாள். எட்டு வருடம் கரி கழுவிய பெண்ணாக மட்டும் இருப்பாள்.

அங்கே வேலை செய்யும் டெஸ்மண்ட், சில்வெஸ்டரின் பழைய சகா. ஃப்ரேசர் டவுனில் தாயாரைப் பார்க்க ஒரு வாரம் வந்தவர், தானே கையோடு எடுத்துப் போவதாகச் சொன்னார். இன்று மாலை விமானம்.

நேற்று மாலை குப்பி தயார். அடியில் டீக்கறை போல அரை மில்லிகிராம். சுத்தம் தொண்ணூற்றொன்பது சதவீதம். "நல்லாதான் இருக்கு" என்றார் சில்வெஸ்டர். அந்தச் சொல் காதில் விழுந்தபோதே அவள் பெட்டியைப் பூட்டி வைத்திருக்க வேண்டும்.

அவள் பக்கத்து அறைக்குள் ஓடினாள்.

சுவரோரம் நீண்ட எஃகுக் குழாய். அதற்குள் ஓடுகிற கரைசல் வெளியே போகாமல் திரும்பத் திரும்ப அதே குழாய்க்குள் வருகிற மாதிரிச் சுற்றுவழி வைத்திருந்தார் சார். ஒரு சுற்றுக்கு இருபது நிமிடம். கம்ப்யூட்டர் திரையில் பச்சைக் கோடு ஒரு மலையை வரைந்துகொண்டிருந்தது. மலையின் தோளில் ஒரு சிறிய புடைப்பு.

"பாரும்மா" என்றார் சில்வெஸ்டர், மகனுக்கு அம்மை போட்டிருப்பதைக் காட்டும் தகப்பன் குரலில். "தம்பி இன்னும் உக்காந்திருக்கான்."

தம்பி என்றால், அதே கூண்டின் இன்னொரு வடிவம். அதே எண்பது கரி அணுக்கள், அதே உலோகம், பின்னல் மட்டும் கொஞ்சம் மாறியது. நூற்றில் ஒரு பங்கு. அண்ணன் கொஞ்சம் வேகமாக ஓடுவான், தம்பி கொஞ்சம் மெதுவாக. சுற்றச் சுற்ற இருவருக்கும் இடைவெளி கூடும்.

"சார், மூணு மணிக்கு டெஸ்மண்ட் சார் வந்துருவாரு."

"மூணுக்குத்தானே? இப்ப பத்து. பன்னெண்டு சுத்துல ரெண்டு பேரும் தனியா வந்துருவாங்க. ஒரே ஒரு தடவைம்மா. ஒரு பர்சென்ட் கலப்போட அனுப்புனா உலகம் சிரிக்கும்."

உலகம்! வாசகர்களே, இந்த வகையினரின் காதில் உலகம் எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கும். உலகத்துக்கு வேறு வேலை இல்லை. சில்வெஸ்டரின் ஒரு சதவீதத்துக்காகக் காத்து நிற்கிறது.

இளவேனில் வாய் திறக்கவில்லை. வினை புரியாத பெண் அல்லவா! ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஒவ்வொரு சுற்றாக முடிந்தது. ஆறாவதில் புடைப்பு தோளிலிருந்து இறங்கியது. பத்தாவதில் நடுவே ஒரு பள்ளம் தெரிந்தது. மதியம் இரண்டு மணிக்குப் பன்னிரண்டாவது சுற்று. அண்ணன் தனி மலை, தம்பி தனிக் குன்று, நடுவே சொத்துப் பிரித்த சகோதரர்கள் வீட்டுக்கு இடையில் இருக்கிற மாதிரித் துல்லியமான தரை. எட்டு வருடத்தில் இப்படி ஒரு படத்தை அந்தத் திரை காட்டியதே இல்லை.  கைப்பிடியைத் திருப்பினால் போதும். ஒரே ஒரு டக். அண்ணன் மட்டும் குப்பிக்குள் இறங்கிவிடுவான்.

"சார், ரெண்டு பேரும் தனியா வந்துட்டாங்க. எடுத்துடலாம் சார்."

சில்வெஸ்டரின் கை கைப்பிடியின் மேல் இருந்தது.  திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"நல்லாதான் இருக்கு" என்றார்.

இளவேனில் கண்களை மூடிக்கொண்டாள்.

"ஆனா, அண்ணனோட அடிவாரத்துல ஒரு சின்ன சாய்வு தெரியுதே, பாத்தியா? இன்னும் ஒரே ஒரு சுத்து."

கை கைப்பிடியிலிருந்து இறங்கியது.

மூன்று மணிக்கு டெஸ்மண்ட் வந்தார். தடித்த உடம்பு, சிவந்த முகம், தாயார் கட்டிக் கொடுத்த ரோஸ் குக்கி முறுக்கு டப்பா ஒரு கையில், மறு கையில் சூட்கேஸ்.

"ஹலோ மேன், சில்வி! எங்கே மேன் என் சாமான்?"

"ஓடிக்கிட்டிருக்கு. உக்காரு."

"ஓடுதா? எங்கே ஓடுது? நான்தானே மேன் ஓடணும், ஏழு மணிக்கு ஃப்ளைட்!"

"பதினஞ்சாவது சுத்து டெஸ்மண்ட். கிட்டத்தட்ட முடிஞ்சுது."

டெஸ்மண்ட் இளவேனிலைப் பார்த்தார். இளவேனில் தரையைப் பார்த்தாள். வாசலில் பிரஷ்ஷோடு நின்ற பழனிச்சாமி கூரையைப் பார்த்தார்.

"பழனி, ஒரு காபி சொல்லுப்பா. அந்த ஆளு கர்ச்சீப்புல வடிகட்டாம நேரா எங்கிட்ட கொண்டா" என்றார் டெஸ்மண்ட்.

மூன்றரை. மூன்றே முக்கால். பச்சைக் கோட்டில் இரண்டு மலைகளும் அகன்று, தணிந்து, பரந்து, வயதான யானைகள் படுத்த மாதிரி ஆகிக்கொண்டிருந்தன. இளவேனில் இப்போது திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஏதோ ஒன்று அவளுக்குப் புரியத் தொடங்கியிருந்தது. கண்டீரவா மைதானத்தில் ஓட்டப் பந்தயம் பார்த்திருக்கிறீர்களா? வேகமாக ஓடுகிறவன் முதலில் முந்துவான், இடைவெளி கூடும், கைதட்டுவோம். வட்டமான பாதையில் அவன் நிறுத்தாமல் ஓடிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? மெதுவாக ஓடுகிறவனின் முதுகுக்குப் பின்னாலேயே வந்து சேருவான். அப்போது பார்க்கிறவனுக்கு இருவரும் ஒன்றாக ஓடுகிற மாதிரித்தான் தெரியும்.

நான்கு மணி. பதினெட்டாவது சுற்று. திரையில் ஒரே ஒரு மலை எழுந்தது. அகலமான, மழுங்கிய, சோர்ந்த மலை. அண்ணன் ஒரு முழுச் சுற்று அதிகம் ஓடி வந்து, பின்னாலிருந்து தம்பியின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். நாள் முழுக்கப் பாடுபட்டுப் பிரித்தவை, பிரித்த பாட்டினாலேயே கலந்துவிட்டன.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் தலையில் அடித்துக்கொள்வான். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிவான். நம் தவசி என்ன செய்தார் தெரியுமா? முகம் மலர்ந்தார்.

"பாத்தியாம்மா! கலப்பு இருக்கு. நான் அப்பவே சொன்னேன்ல, இன்னும் சுத்தம் ஆகலைன்னு?"

 ஸ்டூல் பின்னால் நகர்ந்தது.

"சார்" என்றாள் இளவேனில்.

அந்தக் குரலை அந்தக் கட்டடம் அதுவரை கேட்டதில்லை. பழனிச்சாமி பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"அது பிரிஞ்சு ரெண்டு மணி நேரம் ஆச்சு சார். பன்னெண்டாவது சுத்துல பிரிஞ்சுது. நீங்க பாத்தீங்க. நானும் பாத்தேன். இப்ப அண்ணன் ஒரு ரவுண்டு அடிச்சு வந்து தம்பியோட முட்டிக்கிட்டு நிக்கிறான். சுத்தம் ஆகாததால கலக்கல சார். நீங்க நிறுத்தாததால கலந்துச்சு."

 எட்டு வருடம் வினை புரியாத பொருள் வினை புரிந்துவிட்டது. ரசாயனத்தில் இதற்கு விளக்கம் உண்டு: போதுமான சூடு கொடுத்தால் எதுவும் வினை புரியும்.

அவள் விறுவிறுவென்று முன்னறைக்குப் போனாள். அலமாரியைத் திறந்தாள். அந்த அலமாரியின் கதையைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு சுத்திகரிப்பிலும் மலையின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, முன்னால் வருவதையும் பின்னால் வருவதையும் ஒதுக்கிவிடுவார் சில்வெஸ்டர். 'தலை வேண்டாம், வால் வேண்டாம்' என்பது அந்தக் கூடத்தின் வேதம். ஆனால் கொட்டவும் விடமாட்டார். என்றாவது ஒருநாள் அதையும் சுத்தம் செய்யலாம் அல்லவா? இப்படி எட்டு வருடத்துத் தலைகளும் வால்களும் நாற்பது பாட்டில்களில் பழுப்பாக உறங்கின.

போன மாதம் மூன்று ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் சார் பாடற்குழுவைத் திருத்திக்கொண்டிருந்த நேரத்தில், இளவேனில் அந்த நாற்பதையும் ஒரே குடுவையில் கொட்டினாள். எதிரே வந்ததைப் பிடித்துக்கொள்ளும் ஒரு வெள்ளைத் தூளை அதில் போட்டுக் கலக்கினாள். வம்புக்காரக் கூண்டுகளெல்லாம் தூளில் ஒட்டிக்கொண்டன. அந்தத் தம்பியும் அண்ணனைவிட ஒரு பிடி முன்கோபக்காரன், அவனும் மாட்டிக்கொண்டான். வடிகட்டினாள். வினை புரியாத அண்ணன் மட்டும் தனியே கீழே இறங்கினான். இந்த வழியை வெளிநாட்டில் யாரோ எழுதியிருக்கிறார்கள் என்று அவள் முன்பே ஒருமுறை சாரிடம் சொன்னதுண்டு. "கலக்கி வடிகட்டுறதா? அது ரசம்மா. விஞ்ஞானம் இல்ல" என்றிருந்தார்.

ரசம் இரண்டு மில்லிகிராம் இருந்தது. சார் எட்டு வருடத்தில் சேர்த்ததைப் போல நான்கு மடங்கு. அதை வெளியே எடுத்துச் சொல்லத்தான் இதுவரை அவளுக்குத் துணிவு வரவில்லை.

குப்பியைப் பஞ்சுப் பெட்டிக்குள் வைத்து டெஸ்மண்டிடம் நீட்டினாள். 

"இதக் கொண்டு போங்க சார். எதையும் ஒளிக்கல, லேபிள்ல எல்லாம் எழுதியிருக்கேன். வால்லேருந்து எடுத்தது. மெஷின்ல ஒரே ஒரு தடவைதான் ஓட்டுனேன். தம்பி இல்ல. வேற என்னமோ ரெண்டு பர்சென்ட் இருக்கு, என்னன்னு தெரியல."

"தொண்ணூத்தெட்டா?" டெஸ்மண்ட் குப்பியை வெளிச்சத்தில் பிடித்தார். "ஏம்மா, எங்களுக்குத் தொண்ணூறு இருந்தாலே ஜாஸ்தி. போன மாசம் ஒருத்தன் எண்பதுல கொண்டுவந்தான், படம் எடுத்துக் கொடுத்தோம்."

தொண்ணூறு!

வாசகர்களே, அந்த எண் அந்த அறையில் விழுந்த விதத்தை எப்படிச் சொல்வது? சில்வெஸ்டர் அந்தத் தொண்ணூறை 2000ஆம் ஆண்டிலேயே எட்டிவிட்டார். அதற்கப்புறம் ஓடிய ஏழு வருடமும், அவர் காலண்டரிலிருந்தும் அவளுடைய இளமையிலிருந்தும் கிழிந்த அத்தனை தாள்களும், யாரும் கேட்காத ஒன்பது சதவீதத்துக்காக.

அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எங்கிட்ட யாரும் சொல்லலையே" என்றார் மெல்ல.

"நீ கேக்கவே இல்லையே மேன்" என்றார் டெஸ்மண்ட். பிறகு குரலைத் தாழ்த்தி, "சில்வி, இன்னும் அந்தக் கிரீஸையே நினைச்சிட்டிருக்கியா?" என்று கேட்டார்.

 1993இல் சில்வெஸ்டர், ஆர்வ வேகத்தில், புதிய கூண்டு ஒன்றைக் கண்டுபிடித்ததாக அவசரமாக ஒரு கட்டுரை அனுப்பினார். மூன்றாவது மாதம் ஒரு வெளிநாட்டுக்காரர் இரண்டே வரியில் கடிதம் போட்டார்: நீங்கள் கண்டது கூண்டு அல்ல, குழாய்த் திருகில் தடவிய கிரீஸ். அந்தக் கடிதம் இன்னும் அவர் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அன்று ஒரே ஒரு மனிதர் சிரித்தார். அதைத்தான் சில்வெஸ்டர் உலகம் என்கிறார்.

அவர் இழுப்பறை இருந்த பக்கமாக ஒரு கணம் திரும்பியதை இளவேனில் பார்த்தாள். எட்டு வருடக் கோபம் நெஞ்சில் அப்படியே இருக்க, கண்ணில் மட்டும் நீர் வந்துவிட்டது. பாழாய்ப்போன கண்ணீருக்கு எந்தப் பக்கம் நிற்பதென்றே தெரிவதில்லை.

"அனுப்பலாமா சார்?" என்றாள். அவர் சொல்லாமல் அனுப்புவதற்கும் இப்போது அவளுக்குத் தைரியம் இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

அவர் சரியென்று தலையை அசைத்தார். டெஸ்மண்ட் பெட்டியைக் கோட்டின் உள்பாக்கெட்டில் வைத்துப் பொத்தானைப் போட்டார். சூட்கேஸை எடுத்தார்.

"ரசத்த நாந்தான் தப்பா பேசிட்டேன்" என்றார் சில்வெஸ்டர், யாரிடம் என்றில்லாமல். இளவேனிலுக்கு உள்ளம் உருகியது. பழனிச்சாமிக்கே உருகியது. அடுத்த கணம் சில்வெஸ்டர் ஓர் எட்டு முன்னால் வைத்தார். "ரெண்டு பர்சென்ட் என்னன்னு தெரியலன்னு சொல்றாளே, டெஸ்மண்ட்... இன்னும் நாலரை ஆகலையே. ஒரே ஒரு சுத்து..."

"வேணாம் மேன்!" என்று டெஸ்மண்ட் மார்பைக் கையால் மூடிக்கொண்டு வாசலுக்கு ஓடினார். பழனிச்சாமி, தற்செயலாக என்பதுபோல, தட்டு நிறையக் கரியோடு சாரின் குறுக்கே வந்து நின்றார்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் மேஜையில், இன்னும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பலாம் என்று மூன்று வருடமாக வைத்திருக்கிறீர்களே, அந்த மன்னிப்புக் கடிதம். கொஞ்சம் தேறியதும் போய்ப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்ட அந்த உறவு. இந்தப் பக்கங்களிலேயே எந்த வாக்கியம் சரியில்லை என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டு வந்தீர்களே, அந்தக் கை — அதையெல்லாம் ஒருதரம் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வகைக்குக் கொம்பு முளைக்காது. கண்ணாடியில் பார்த்தாலும் தெரியாது. நோய் தொற்றுவதும் தெரியாது.

நம்பவில்லையா? டெஸ்மண்ட் படி இறங்கப் போகிறார். ஜூன் முப்பது தப்பித்தது. அன்னம்மாள் நாளைக்கு நீலசந்திராவில் தலை நிமிர்ந்து நடக்கலாம். இளவேனில் வாசல்வரை அவரோடு வந்தவள், கதவைப் பிடித்தபடி, நெஞ்சு நிறைய மூச்சு வாங்கினாள்.

"டெஸ்மண்ட் சார்!"

அவர் திரும்பினார்.

"லேபிள்ல தேதி மட்டும் கொஞ்சம் கோணலா எழுதிட்டேன் சார். ஒரு நிமிஷம் குடுங்களேன், அதை மட்டும் ஒரே ஒரு தடவை..."

டெஸ்மண்ட் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால், கரித்தட்டைத் தாண்டி எட்டிப் பார்த்த சில்வெஸ்டரைப் பார்த்தார். இருவருடைய வலது கையும் ஒரே மாதிரி, ஒரே உயரத்தில் நீண்டிருந்தது.

டெஸ்மண்ட் பாக்கெட்டை இறுகப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். போகும்போது, கதவைத் தானே இழுத்துச் சாத்திவிட்டுப் போனார்.